தவறு ஏதேனும் இருப்பின் எழுதுக

சிலருக்கு ஞாபகசக்தி இருக்கும். அவளுக்கு இருந்தது வன்மம். நாலாம் வகுப்பில் தன் பென்சிலை உடைத்தவள் யார், உடைத்துவிட்டு எந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள் என்பதை இருபத்தைந்து வயதிலும் நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். அப்படிப்பட்டவள் வேலை செய்கிற கடைக்கே வந்து, அவள் மேசைமேலேயே தன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார் பெரியம்மா. தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் அது பெரியம்மாவுக்கு அன்றைக்குச் சரியில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

பெரியம்மா என்றால் அவளுடைய அம்மாவின் அக்கா அல்ல. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றின் செயலாளர். விடுதியில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் பெரியம்மா. அவள் ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை அங்கேதான் இருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பெரியம்மா சாப்பாடு போட்டார், படிக்க வைத்தார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார். அதையும் அவள் மறக்கவில்லை. மறக்காததால்தான் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது அவள் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். இரண்டு கம்ப்யூட்டர், சூடானால் முனகுகிற ஒரு நகல் இயந்திரம், லேமினேஷன் பெட்டி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார ஒரு ஸ்டூல். யார் என்ன கொடுத்தாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பாள். வக்கீல் குமாஸ்தாக்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள்; முதலாளி அடித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் வியாபாரம் நடக்கிறதே.

"அட, போட்டோ! நீ இங்கேயா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா உள்ளே நுழைந்தார்.

போட்டோ என்பது விடுதியில் அவளுடைய பட்டப்பெயர். ஏழு வயதில் எடுத்த படம் ஒன்று, இரண்டு சடை, முன்பல் ஒன்று இல்லாத வாய், கேமராவைப் பார்த்துத் திகைத்த கண்கள். அந்தப் படம் விடுதியின் நன்கொடைச் சீட்டில், நாட்காட்டியில், ஆண்டறிக்கையின் அட்டையில், அலுவலக அறைச் சுவரில் என்று எங்கும் இருந்தது. அதனால் பிள்ளைகள் அவளைப் போட்டோ என்றே கூப்பிட்டார்கள்.

பெரியம்மா ஒரு தடித்த கோப்பை மேசையில் போட்டார். "டைப் அடிக்கிற மாமா ரிட்டயர் ஆகிட்டார். ஒரு பெரிய பவுண்டேஷன் உதவித்தொகை தருதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். பொண்ணுங்க படுக்கிற அறையில கூரை ஒழுகுது, ராத்திரியெல்லாம் பாயைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குதுங்க. போன வருஷத்ததைப் பார்த்து அப்படியே அடி. தேதியை மட்டும் மாத்து."

"இது வேற பவுண்டேஷன்தானே பெரியம்மா? கேள்வியெல்லாம் வேறயா இருக்குமே?"

"எந்த பவுண்டேஷனா இருந்தா என்ன? எல்லாரும் ஒரே கதையைத்தான் கேப்பாங்க. எங்கெங்கே கையெழுத்துன்னு பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டு வை, வந்து போடறேன். எனக்குப் படிச்சுப் பார்க்க நேரமில்லை." போகிறபோது திரும்பிச் சிரித்தார். "உன் போட்டோவுக்கு ரொம்ப ராசி. அதை மறக்காம வை."

இனி அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா ஒருநாள் வேலை தேடி வேறூர் போனார், போனவர் போனவர்தான். அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும், பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாது. அம்மா நாலு விடுதிகளில் ஏறி இறங்கினாள். ஐந்தாவது விடுதியில் பெரியம்மா சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு பதின்மூன்று வருஷம், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அம்மா தவறாமல் வந்தாள். சோப்பு வாசனை அடிக்கிற கைகளோடு வந்து, மகளுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் போவாள். ஒரு தடவை பஸ் ஓடாத நாளில் நடந்தே வந்தாள். காலில் கொப்புளம்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்கொடை தருகிற ஒரு குழு சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே விடுதிக்கு வந்துவிட்டது. பெரியம்மா அவசர அவசரமாக அம்மாவைச் சமையலறைக்குள் போகச் சொன்னார். "அவங்க போறவரைக்கும் வெளியே வராதே. யாராவது பார்த்துக் கேட்டா, பாத்திரம் தேய்க்க வந்தேன்னு சொல்லு" என்றார். பிறகு மகளை நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். காலையிலேயே அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா குனிந்து, "உன் அம்மா எங்கேம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள்: "எனக்கு யாருமே இல்லை."

நன்றாக, உரக்கச் சொன்னாள். அழகாகச் சொன்னதாக எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடுக்கில் அம்மாவின் புடவை தெரிந்தது. அது அசையவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் குடித்த டம்ளர்களையெல்லாம் அம்மாதான் கழுவி வைத்தாள்.

அதைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை. மகளும் பேசியதில்லை. இரண்டு பேரும் இப்போது ஒரே அறையில்தான் குடியிருந்தார்கள், ஒரே பாயில்தான் தூங்கினார்கள்.

பெரியம்மா போனதும் அவள் கோப்பைத் திறந்தாள். பதினெட்டு வருஷத்து விண்ணப்பங்களின் நகல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறக்கட்டளைக்கு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் 'பயனாளி ஒருவரின் கதை' என்று ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் படம். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு வயது ஏழு. டைப் அடிக்கிற மாமா தேதியை மாற்றினாரே தவிர அவளை வளரவிடவில்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது முதலில்.

பிறகு அம்மாவைப் பற்றிய பத்தியைப் படித்தாள்.

முதல் வருஷத்தில், 'தாய் இச்சிறுமியைப் பேருந்து நிலையத்தில் விட்டுச் சென்றுவிட்டார்' என்று இருந்தது. மூன்றாம் வருஷத்தில் தாய் குடிப்பழக்கம் உடையவளாகியிருந்தாள். ஆறாம் வருஷத்தில் பிள்ளையை அடித்துச் சூடு போட்டிருந்தாள். பத்தாம் வருஷத்தில் வேறொருவனோடு ஓடிப்போயிருந்தாள். பதினான்காம் வருஷத்தில் மகளை விற்கவே முயன்றிருந்தாள், கடைசி நிமிஷத்தில் பெரியம்மா வந்து காப்பாற்றியிருந்தார். மகள் வளரவில்லை; அம்மா மட்டும் வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கொண்டே போனாள். எந்த வருஷம் உதவித்தொகை கிடைக்கவில்லையோ, அதற்கு அடுத்த வருஷம் அம்மா இன்னும் கொஞ்சம் கெட்டாள்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அவள் அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தைச் சொன்னது ஒரே ஒரு தடவை. இவர்கள் பதினெட்டு தடவை, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை பேர் படித்து, அம்மாவை என்னென்ன வாயால் திட்டியிருப்பார்கள்? கொப்புளம் வந்த காலோடு நடந்து வந்தவளை!

"என்ன, மூஞ்சி இப்படிச் சிவந்து கிடக்கு? உடம்பு சரியில்லையா?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்லைண்ணா. டைப் பண்ண வேண்டியது நிறைய இருக்கு."

புதிய அறக்கட்டளையின் படிவத்தை அவள் வரி வரியாகப் படித்தாள். பதினான்காவது கேள்வியில் வந்து நின்றாள். 'உங்கள் நிறுவனம் தவறு ஏதேனும் செய்திருப்பின், அதை விரிவாக எழுதுக.' கீழே ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். பழைய விண்ணப்பங்களில் இதுபோன்ற கேள்வி வந்த இடத்திலெல்லாம் மாமா 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். விண்ணப்பம் எழுதத் தெரிந்த எவனும் அப்படித்தான் எழுதுவான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கோப்பு அப்போதே குப்பைக்குப் போகும் என்பது அந்தத் தொழிலில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் அவள் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் அடித்தாள். அம்மா யார், எங்கே வேலை செய்தாள், எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள், அந்த நன்கொடைக் குழு வந்த நாளில் என்ன நடந்தது, சமையலறைக் கதவு, கழுவிய டம்ளர்கள், எல்லாம். 'பதினெட்டு ஆண்டுகளாக இந்த நிறுவனம் ஒரு நல்ல தாயைப் பற்றிப் பொய் எழுதி உதவி பெற்றது' என்று எழுதினாள். சாட்சிக்குப் பதினெட்டு பழைய நகல்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்தாள். 'தாயார் உயிருடன் இருக்கிறார்' என்று எழுதி, நம்பாமல் போய்விடுவார்களோ என்று முகவரியையும் அடித்தாள். கதையில் வருகிறவர்களின் சம்மதம் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள், அம்மாவுக்கான இடத்தைக் காலியாக விட்டாள்.

ஒழுகுகிற கூரையை நினைத்தாளா என்றால், நினைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகளை நினைத்தாள். அவளும் அதே கூரையின் கீழ் அப்படி உட்கார்ந்தவள்தான். நினைத்துவிட்டு, அடுத்த வரியை அடித்தாள். இதில் அவளை நல்லவள் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெரியம்மா ஒரு சபைக்கு முன்னால் கூனிக்குறுகி நிற்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் பெரியம்மா வந்தார். பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். பதினான்காம் கேள்வியின் அடியிலும் போட்டார். நடுவில் தலையைத் தூக்கி, "என்ன இவ்வளவு பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

"பெரிய பவுண்டேஷன் இல்லையா பெரியம்மா. நிறைய கேக்கறாங்க."

"கெட்டிக்காரி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்குச் சந்தோஷம். நகல் இயந்திரத்தோடு சேர்ந்து அவளும் முனகிப் பாடினாள். "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?" என்று அம்மா கேட்டாள். அவள் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, பெரியம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்று நடித்துக் காட்டிச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

நாலாவது வாரம் பெரியம்மா போனில் கூப்பிட்டார். குரலில் ஒரே துள்ளல். "நேர்ல பார்க்க ஆபீசர் வர்றாராம்! எண்பது விண்ணப்பத்துல மூணைத்தான் எடுத்திருக்காங்களாம், அதுல நம்மது ஒண்ணு. உன் கை ராசியான கை. புதன்கிழமை காலையில நீயும் வந்துடு."

கேட்டதும் அவளுக்குக் குழப்பம்தான். பிறகு, மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டாள். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டாள்.

வந்த அதிகாரி ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். பெரியம்மா நீட்டிய குளிர்பானத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிலிலிருந்தே தண்ணீர் குடித்தார். அலுவலக அறையில் கேடயங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். பெரியம்மா மேசைக்கு அந்தப் பக்கம். விடுதியின் இரண்டு ஆசிரியைகள் ஓரமாக நின்றார்கள். அவள் கதவருகே.

"பதினாலாவது கேள்விக்கு நீங்க எழுதினதைப் பத்தித்தான் முதல்ல பேசணும். அதை நீங்களேதான் எழுதச் சொன்னீங்களா?"

"ஒவ்வொரு எழுத்தும் நான் சொன்னதுங்க" என்றார் பெரியம்மா, பெருமையாக. "இந்தப் பொண்ணு டைப் அடிச்சா, அவ்வளவுதான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

அவள் பெரியம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் இரண்டு வரிக்குச் சிரிப்பு அப்படியே இருந்தது. மூன்றாவது வரியில் உறைந்தது. 'பொய் எழுதி உதவி பெற்றது' என்ற இடத்தில் ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது போல முகம் வெளுத்தது. ஆசிரியைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மாவின் கண் மெதுவாகத் திரும்பிக் கதவருகே வந்தது. அவள் அந்தப் பார்வையை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டாள். ஆமாம், நான்தான் என்று கண்ணாலேயே சொன்னாள். என்ன சுகம் அது! அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தாலும் தகும்.

படித்து முடித்த அதிகாரி கோப்பை மூடினார்.

பெரியம்மா அழத் தொடங்கினார்.

"நாலு நாள் தூங்கலைங்க இதை எழுதச் சொல்றதுக்கு முன்னாடி" என்றார். "பதினெட்டு வருஷமா நெஞ்சுல முள்ளா கிடந்துச்சு. இனிமேலும் மறைச்சா நான் மனுஷியே இல்லைன்னு தோணிச்சு. வேற யார்கிட்டயும் கொடுக்கலை, இந்தப் பொண்ணைத் தேடிப் போய், நீயே உன் கையால அடிம்மான்னு கொடுத்தேன். எனக்கு நானே கொடுத்துக்கிட்ட தண்டனைங்க அது." எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பொய், இவங்க ஒரு வரிகூடப் படிக்கலை, நான்தான் திருட்டுத்தனமா அடிச்சேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். விழுந்த இடத்திலிருந்து எழும்போதே கையில் எதையாவது பொறுக்கிக்கொண்டு எழுகிறவர் பெரியம்மா. இது தெரிந்திருந்தும் அவள் ஏமாந்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க அதிக மார்க் வச்சிருக்கறதே இந்தக் கேள்விக்குத்தான். எழுபத்தொன்பது பேர் 'இல்லை'ன்னு எழுதியிருக்காங்க. தப்பே செய்யாத நிறுவனம் எங்கேயாவது உண்டா? உங்க ஒருத்தரோடதுதான் உண்மையா இருந்துச்சு."

அவள் அடித்த அடி பெரியம்மாவுக்கு மாலையாகப் போய் விழுந்தது. விட்டால் அந்தக் கேடயங்களையெல்லாம் எடுத்துத் தரையில் அடித்திருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றார் அதிகாரி. "கதையில வர்றவங்க சம்மதக் கையெழுத்துப் போடணும், அது எங்க விதி. மகள் போட்டிருக்காங்க. தாயார் கையெழுத்து இல்லை. முகவரி கொடுத்திருக்கீங்களே, வாங்க, இப்பவே போய்ப் பார்த்துடலாம்."

அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

அவளும் அம்மாவும் குடியிருந்தது ஒரு மாடியில், வரிசையாக எட்டு அறைகள், நீளமாக ஒரு நடைவழி, கீழே எல்லோருக்கும் ஒரு குழாய். அம்மா இரண்டு மணி ஷிப்டுக்குப் போவதற்காகத் தன் நீலக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் பெரியம்மாவைக் கண்டதும், பழைய பழக்கத்தில் சட்டென்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகுதான் இது தன் வீடு என்று நினைவு வந்ததுபோல, "உள்ளே வாங்க, உட்காருங்க" என்றாள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அதிகாரி உட்கார்ந்தார். காரில் ஆபீசர் வந்திருக்கிறார் என்றதும் பக்கத்து அறைப் பெண்கள் ஒவ்வொருவராக நடைவழியில் கூடிவிட்டார்கள்.

கூரைக்கான உதவித்தொகை, அதற்கு வேண்டிய கையெழுத்து என்று அதிகாரி விஷயத்தைச் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"என்னைப் பத்தி எழுதியிருக்காங்களா? என்னன்னு?"

அதிகாரி பின்னிணைப்பைப் புரட்டி, தானே படிக்க வாயெடுத்தார்.

"நீங்க வேணாங்க. எழுதினவங்க படிக்கட்டும்" என்றாள் அம்மா.

"அதெல்லாம் பழசு, இப்ப எதுக்கு..." என்று பெரியம்மா இழுத்தார்.

"எனக்குப் பழசு இல்லைங்க. நான் இன்னும் கேக்கவே இல்லையே. படிங்க."

பெரியம்மா நின்றபடியே படித்தார். முதல் வருஷம் முடிந்ததும் அம்மா, "எந்த பஸ் ஸ்டாண்டு?" என்று கேட்டாள். பெரியம்மா தாளில் குனிந்தார். "சரி, மேலே படிங்க." மூன்றாம் வருஷத்தில், "என்ன குடிச்சேன்?" என்றாள். ஆறாம் வருஷத்தில் மகளைக் கூப்பிட்டு, "கையைக் காட்டுடி, எந்த இடத்துல சூடு போட்டேன்?" என்று அதிகாரியின் முன்னால் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அம்மா கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சாதாரணக் குரலில், மரியாதையோடு வந்தது. வேறொருவனோடு ஓடிப்போன பத்தாம் வருஷம் வந்தபோது நடைவழியில் ஒருத்தி காறித் துப்பினாள். துப்பியது யாரைப் பார்த்து என்று பெரியம்மாவுக்குத் தெரிந்தது. "அப்புறம் யாருக்கு வித்தேன்?" என்று அம்மா கேட்டபோது பெரியம்மா அழுதுவிட்டார். இப்போது வந்த கண்ணீர் நிஜம். ஆனால் அதைப் பார்த்து உருக அங்கே ஆள் இல்லை. அதிகாரிகூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் கட்டிய திட்டம் எங்கே, அம்மா சும்மா உட்கார்ந்துகொண்டு செய்வது எங்கே!

"அவ்வளவுதானா?"

"இந்த வருஷத்தது ஒண்ணு இருக்குங்க. அதுல எல்லாத்தையும் சரியா எழுதியாச்சு" என்று சொல்லி, பெரியம்மா தப்பித்தோம் என்று பதினான்காம் கேள்வியின் பக்கத்தை எடுத்தார். அதையும் படித்தார். ஞாயிற்றுக்கிழமை, நன்கொடைக் குழு, சமையலறைக் கதவு, மகள் சொன்ன அந்த வாக்கியம், டம்ளர்கள்.

அதுவரை அசையாமல் இருந்த அம்மா இதைக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நடைவழியில் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி, "ஐயோ பாவம்" என்றாள்.

பிறகு அம்மா நிமிர்ந்தாள். "கூரை ஒழுகறது நிஜமா, அதுவும் கதையா?"

"நிஜம்" என்றார் அதிகாரி. "நான் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"எங்கே போடணும் கையெழுத்து?"

காட்டிய இடத்தில் எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்குக் கூரை போடுங்க. ஆனா இந்தம்மாவை நான் மன்னிச்சுட்டேன்னு உங்க பேப்பர்ல எங்கேயும் எழுதக்கூடாது. நான் மன்னிக்கலை."

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லையேம்மா."

"அடியில எழுதுங்க. இந்தம்மாவும் அதுக்குக் கீழே கையெழுத்துப் போடட்டும்."

அதிகாரி எழுதினார். பெரியம்மா போட்டார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கூடியிருந்த பெண்கள் விலகி விட்ட வழியில் ஒருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அதிகாரி பின்னாலேயே போனார். விடுதியின் ஆண்டறிக்கையில் அந்த வரி வரும், விடுதி இருக்கிறவரை அந்தக் கோப்பில் இருக்கும், அடுத்து எந்த அறக்கட்டளைக்குப் போனாலும் கூடவே போகும்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, அவங்க மூஞ்சியைப் பார்த்தியா நீ?"

அம்மா கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கடைசிப் பக்கம் யார் எழுதினது? நீதானே?"

"நான்தான்மா. அவங்களுக்குத் தெரியாமலே."

"எனக்கும் தெரியாமத்தானே எழுதினே?"

அவள் சிரிப்பு நின்றது.

"அவங்க எழுதினது அத்தனையும் பொய். இன்னைக்குத் துடைச்சுப் போட்டாச்சு. நீ எழுதினது நிஜம்டி. அதை எப்படித் துடைக்கறது?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அந்தக் கதவுக்குப் பின்னாடி நான் நின்னது உன்னையும் அவங்களையும் தவிர ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு, நான் இத்தனை வருஷம் உன்கிட்டகூடப் பேசாம வச்சிருந்தேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"உனக்காகத்தான்மா எழுதினேன்."

"அவங்களும் பிள்ளைங்களுக்காகத்தான் எழுதினாங்க."

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள். நடைவழியில் ஒருத்தி, "அக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று சொல்வது கேட்டது, நோயாளியிடம் பேசுகிற குரலில். அந்த வீட்டில் அதுவரை யாரும் அம்மாவிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. கீழே குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றது. அம்மா கேட்டைத் தாண்டிப் போனதும் மெதுவாக மறுபடி தொடங்கியது.